ஏழரை நம்பர் கை

கொஞ்ச காலமாக மருத்துவக் கருவிகளின் கைப்பிடிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கருவிகளைப் பற்றிப் படிக்க ஏராளமாக இருக்கிறது. எந்த ஸ்கேன் மெஷினில் படம் தெளிவு, எந்தக் கத்தி எவ்வளவு கூர் என்று கம்பெனிகளே பக்கம் பக்கமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தக் கருவியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் பிடித்திருக்கிற கை, ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போது எப்படி இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் தேடினால், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைக்கிறது. நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆகவே இதில் வைத்திய ஆலோசனை எதையும் தேடாதீர்கள். கருவியும் கையும் சந்திக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்கிற என்ஜினியரிங் கேள்வி, அவ்வளவுதான்.

இந்தக் கேள்விக்கு நம்மூரிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. டாக்டர் வி என்றால் சட்டென்று தெரியும். 1918இல் எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமமான வடமலாபுரத்தில் பிறந்தவர். 1944இல் சென்னை ஸ்டான்லியில் படித்து முடித்து ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. சொந்தக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைச் சிறு வயதில் பார்த்தவர். முப்பது வயதை நெருங்கும்போது கடுமையான முடக்குவாதம் தாக்கியது. 1948இல் ராணுவத்தை விட்டு வெளியே வந்தார். மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயிருந்தன. பிரசவ வார்டு ஆசை அத்தோடு முடிந்தது.

கண் மருத்துவத்துக்கு மாறினார். அந்தக் கோணிய விரல்களுக்குத் தக்க மாதிரி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகினார். தன் கையால் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார். 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த்.

எல்லோரும் இதை மன உறுதிக் கதையாகச் சொல்கிறார்கள். மன உறுதி இல்லாமல் நடந்திருக்காது, சரிதான். ஆனால் அப்படிச் சொல்லி முடித்தால் கதையின் பாதி போய்விடுகிறது. உறுதி மட்டும் இருந்து, கடையில் கிடைக்கிற கருவியையே வாங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இங்கே கை கருவிக்குப் பணியவில்லை, கருவி கைக்குப் பணிந்தது. நமக்குச் சொல்லித்தருவது பெரும்பாலும் தலைகீழ். “கை பழகிடும், போகப் போகச் சரியாயிடும்.” எந்தத் தொழிலிலும் புதிதாக வருகிறவர்களிடம் மூத்தவர்கள் சொல்கிற வாக்கியம் இது.

ஏன் பிரசவம் முடியவில்லை, ஏன் கண் முடிந்தது? யோசிக்கத் தகுந்த கேள்வி. ஜான் நேப்பியர் என்ற பிரிட்டிஷ் உடற்கூறு அறிஞர் 1956இல் மனிதக் கையின் பிடிகளை இரண்டாகப் பிரித்தார். அரிவாளைப் பிடிக்கிற மாதிரி உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து இறுக்குவது வலுப்பிடி. பேனாவைப் பிடிக்கிற மாதிரி கட்டைவிரல் நுனிக்கும் மற்ற விரல் நுனிகளுக்கும் நடுவே நிறுத்துவது நுண்பிடி. ஆயுதம் போட்டுக் குழந்தையை வெளியே எடுக்க வேண்டியிருந்தால் வலுப்பிடி வேண்டும், முழங்கை தோள் எல்லாம் சேர்ந்து இழுக்க வேண்டும். கண்ணில் அந்த வேலையே கிடையாது. அங்கே தேவைப்படுகிற விசை அற்பம். தேவைப்படுகிற துல்லியமோ பயங்கரம். கண் லென்ஸைச் சுற்றியிருக்கும் உறையின் பின்பக்கம், நடுப்பகுதியில், ஏறத்தாழ 4 மைக்ரான் தடிப்புதான். தலைமுடி அதைப்போலப் பதினைந்து, இருபது மடங்கு தடிமன். முடக்குவாதம் முதலில் பறிப்பது வலுவையும் மூட்டு மடங்கும் அளவையும். ஆகவே வலு கேட்காத ஒரு துறையைத் தேர்ந்து, மடங்காத மூட்டுக்குப் பதிலாகக் கருவியை மாற்றினால் கணக்கு நேராகிறது. இது என் ஊகம்தான். ஆனால் உடற்கூறோடு பொருந்துகிறது.

கண் ஆபரேஷன் கருவிகளின் பிடிகளைக் கவனித்தால் இன்னும் சில விஷயம் தெரியும். பல கருவிகளின் பிடி உருண்டையாக இருக்கும். விரல் நுனிகளுக்கிடையே உருட்டினாலே முனை திரும்ப வேண்டும், மணிக்கட்டைத் திருப்பக்கூடாது என்பதற்காக. மேலே சொரசொரப்பாக வரி போட்டிருப்பார்கள், ஈரக் கையுறை வழுக்காமலிருக்க. மைக்ராஸ்கோப் வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசாமலிருக்கப் பளபளப்பைக் குறைத்து, மங்கலாக முடித்திருப்பார்கள். டைட்டானியத்தில் செய்தால் எடை குறையும். எல்லோருடைய கையிலும் நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை ஒரு மெல்லிய நடுக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது, எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும். அதனால்தான் மோதிர விரலையோ சுண்டு விரலையோ நோயாளியின் நெற்றி ஓரத்தில் ஊன்றிக்கொள்கிறார்கள்.

பிடியின் தடிமன் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது பிளஸ் ஒன் இயற்பியல். ஒரு குச்சியை விரல்களால் திருகும்போது கிடைக்கிற திருப்புவிசை, விரல் அழுத்தத்தையும் உராய்வையும் குச்சியின் விட்டத்தையும் பொறுத்தது. விட்டத்தை இரட்டிப்பாக்கினால் அதே திருகலுக்குப் பாதி அழுத்தம் போதும். பல் டாக்டர்கள் பற்காரை சுரண்டும் கருவியை வைத்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்தில் 2006ஐ ஒட்டிச் சில சோதனைகள் செய்தார்கள். சுரண்டும்போது விரல் அழுத்தத்தையும் தசைகளின் வேலையையும் அளந்தார்கள். 10 மில்லிமீட்டர் விட்டம், 15 கிராமுக்கு மிகாத எடை இருந்தால் கைக்குச் சுமை குறைவு என்று வந்தது. பென்சில் மாதிரி மெலிந்த, கனத்த எஃகுக் கம்பியைப் பிடித்தே பல தலைமுறை பல் டாக்டர்கள் கட்டைவிரல் வலியோடு ரிட்டயர் ஆகியிருக்கிறார்கள். அதற்காகப் பிடியைத் தடியாக்கிக்கொண்டே போகவும் முடியாது. தடி கூடினால் ஒரு உருட்டலுக்கு முனை திரும்பும் கோணம் குறையும், பல்லுக்குச் சரிவரும் தடிமன் கண்ணுக்குச் சரிவராது.

நோயுற்ற கைக்கென்று செய்தது எல்லோருக்கும் பிடித்துப்போன கதை ஒன்று மருத்துவத்துக்கு வெளியே உண்டு. நியூயார்க்கில் சாம் ஃபார்பர் என்பவர், மூட்டுவாதம் இருந்த தன் மனைவி காய் தோல் சீவக் கஷ்டப்படுவதைப் பார்த்துத் தடித்த, மிருதுவான ரப்பர் பிடி போட்ட சீவியை உருவாக்கினார். 1990இல் ஆக்ஸோ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. மூட்டுவாதமே இல்லாதவர்களும் வாங்கிக் குவித்தார்கள். மென்பொருளில் நாங்கள் ஓரக் கேஸ் என்று சொல்வோம். யாரோ ஒருத்தருக்கு வரப்போகிற அபூர்வச் சிக்கல் என்று தள்ளிவைப்போம். அந்த ஒருத்தருக்காகச் சரிசெய்தால் நடுவில் இருக்கிற ஆயிரம் பேருக்கும் சௌகரியம் கூடும் என்பது அனுபவத்தில் அடிக்கடி தெரிகிறது.

இனி அந்த ‘நடுவில் இருக்கிறவர்’ யார் என்று பார்க்கலாம். 1950இல் அமெரிக்க விமானப்படை நாலாயிரத்துச் சொச்சம் விமானிகளை உச்சி முதல் பாதம் வரை அளந்தது. துல்லியமாக 4,063 பேர். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் அந்தக் குவியலில், விமானி இருக்கைக்கு முக்கியமான பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியை ஒட்டி இருப்பவர் எத்தனை பேர் என்று தேடினார். ஒருவர்கூட இல்லை. சராசரி விமானிக்காகக் கட்டிய இருக்கை, உண்மையில் யாருக்கும் பொருந்தாத இருக்கை.

கைக்கு வருவோம். 1988ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவ அளவீட்டில் ஆணின் கை நீளம் சராசரி 19.4 சென்டிமீட்டர், பெண்ணுடையது 18. உலகத்தில் ஏகப்பட்ட கருவிகளின் பிடிக்கு இந்த மாதிரி அளவீடுகள்தான் ஆதாரம். இந்தியக் கைகளுக்கு அளவே இல்லையா என்றால், இருக்கிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் தேவ்குமார் சக்ரவர்த்தி நாடு முழுக்க ஆண், பெண் உடலளவுகளைத் தொகுத்து 1997இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். அதைத் திறந்து பார்த்தபின் பிடியை வரைகிற கம்பெனிகள் எத்தனை என்பதுதான் கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், ஆபரேஷன் தியேட்டரில் ஒரே ஒரு பொருள் மட்டும் கையின் அளவுக்கு முழு மரியாதை கொடுக்கிறது. ரப்பர் கையுறை. ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை, அரை அரையாக எண்கள். எண் என்பது ஆதியில் உள்ளங்கைச் சுற்றளவு, அங்குலத்தில். ஆண் சர்ஜன்களில் ஏழரை சாதாரணம், பெண்களில் ஆறு, ஆறரை. (ஏழரை என்றதும் நமக்குச் சனி ஞாபகம் வருவது தற்செயல்தான் என்று வைத்துக்கொள்வோம்.) கையுறை பிறந்த கதையும் இதற்குப் பொருத்தம். 1889-90 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜனின் தியேட்டர் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனுக்குப் பாதரசக் கிருமிநாசினியால் கைத்தோல் வெந்துபோயிற்று. அவர் கையைக் காப்பாற்ற ஹால்ஸ்டெட், குட்இயர் கம்பெனியில் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். நோயாளிக்குக் கிருமி போகாமலிருக்க அது உதவும் என்பது பிறகுதான் பிடிபட்டது. வேலை செய்கிறவரின் கையை நினைத்துச் செய்த பொருள், நோயாளிகளையும் சேர்த்துக் காப்பாற்றியது. ரப்பர் மரங்களுக்குப் பெயர்போன குமரி மாவட்டத்துக்காரனாக இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்.

கையுறையை மாட்டியாயிற்று. அடுத்து அந்தக் கை எதைப் பிடிக்கிறது? அங்கேதான் அளவுகள் காணாமல் போகின்றன.

இந்தியாவில் பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுப்பது 1990இல் பம்பாயில் டாக்டர் டெம்டன் உத்வாடியாவோடு தொடங்கியது. இன்று தாலுகா ஊர்களில்கூட நடக்கிறது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, ஒரு அடிக்கும் மேல் நீளமான மெல்லிய குழல் கருவிகளை உள்ளே விட்டு, வெளியே கத்தரிக்கோல் மாதிரி வளையப் பிடியை இயக்குவது. நோயாளிக்கு இது பெரிய வரம். தழும்பு சிறிது, வீட்டுக்கு சீக்கிரம் போகலாம். சர்ஜனின் கைக்கு இது என்ன செய்கிறது என்று பாருங்கள். துளை ஒரு தாங்குபுள்ளி ஆகிவிடுகிறது, கையை வலப்பக்கம் நகர்த்தினால் உள்ளே முனை இடப்பக்கம் போகும். நீண்ட கம்பி, இணைப்புகள் எல்லாவற்றையும் தாண்டி விசை போவதால், சாதாரணச் சாமணத்தில் பிடிப்பதைவிட சில மடங்கு அழுத்த வேண்டியிருக்கிறது. மணிக்கட்டு மடங்கிய நிலையிலேயே நிற்கிறது. மணிக்கட்டு மடங்கினால் என்ன ஆகும் என்று இப்போதே சோதிக்கலாம். உள்ளங்கை முன்கையைத் தொடுகிற மாதிரி மணிக்கட்டை முழுக்க உள்பக்கம் மடக்கிக்கொண்டு, அப்படியே முஷ்டியை இறுக்கிப் பாருங்கள். முடியாது. விரலை மடக்கும் தசைநார்கள் ஏற்கெனவே தளர்ந்து தொய்ந்துவிட்டன, பின்பக்க நார்கள் இழுத்துப் பிடிக்கின்றன. அந்தக் கையால்தான் மணிக்கணக்கில் வேலை. வளையத்தின் விளிம்பு கட்டைவிரல் நரம்பை அழுத்தி மரத்துப்போகச் செய்வதற்கு, லேப்ராஸ்கோப்பிக்காரர் கட்டைவிரல் என்று தனிப் பெயரே வந்துவிட்டது.

2004இல் ரமோன் பெர்கர், ஆலன் ஹ்ரெல்ஜாக் இருவரும் 726 லேப்ராஸ்கோப்பி சர்ஜன்களிடம் கையுறை எண்ணையும், எந்தக் கருவி கஷ்டம் என்பதையும் கேட்டு வெளியிட்டார்கள். ஆறரையும் அதற்குக் கீழும் இருக்கிற கைகளுக்குச் சிரமம் தெளிவாகக் கூடுதல். குறிப்பாக ஸ்டேப்ளர். குடலை ஒரே நேரத்தில் வெட்டித் தைக்கிற கருவி அது. அதன் நெம்புகோலை உள்ளங்கையோடு சேர்த்து அமுக்க வேண்டும். பிடி விசைக்கு ஒரு குணம் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே 5 சென்டிமீட்டரை ஒட்டி இடைவெளி இருக்கும்போதுதான் முழு வலு வரும், கை சிறிதானால் அந்த இடைவெளியும் சிறிதாகும். நெம்புகோல் அதைவிட அகலமாகத் திறந்திருந்தால் விரல் நுனி மட்டும்தான் எட்டும், வலு வராது. பெரியவர்கள் சைக்கிளின் பிரேக்கைப் பிடிக்க முயலும் சின்னப் பிள்ளையின் கை போலத்தான்.

என் சித்தி மகள் ஒருத்தி சர்ஜன். கையுறை ஆறு நம்பர். இதையெல்லாம் படித்துவிட்டு அவளிடம் போனில் கேட்டேன். “நீ படிச்சுத்தான் கண்டுபிடிக்கணுமா அண்ணே? நான் அத ரெண்டு கையால அமுக்குவேன். அப்போ திரைய விட்டுட்டு எல்லாரும் எனக்க கையத்தான் பாப்பாவ” என்றாள். ஒரு நிமிஷம் கழித்து, “வலி பெரிசு இல்ல. அந்தப் பார்வைதான்” என்றாள். படிக்கிற காலத்தில் ஒரு சீனியர், கை வலு வர ரப்பர் பந்தை அமுக்கிப் பழகச் சொன்னாராம். விரலின் நீளம் பந்து அமுக்கினால் வளருமா என்று திருப்பிக் கேட்க அப்போது அவளுக்குத் தைரியம் இல்லை.

எங்கள் இனயத்தில் பாட்டா புதுத் துடுப்பு வாங்கினால் அன்றைக்கே கடலுக்குக் கொண்டுபோக மாட்டார். முற்றத்தில் உட்கார்ந்து கண்ணாடிச் சில்லால் பிடியைச் சுரண்டுவார், பிடித்துப் பார்ப்பார், மறுபடி சுரண்டுவார். பெரியப்பா அந்தத் துடுப்பை எடுத்தால் சண்டைதான். கடலில் பத்து மணி நேரம் பிடிக்கப்போகிற பொருள் ஊருக்கே ஒரு அளவாக இருக்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. பல லட்ச ரூபாய் மெஷினோடு வருகிற பிடிக்கு மட்டும் அது தோன்றிவிட்டது. மருத்துவக் கல்லூரி வகுப்பறைகளில் பெண்கள் நிறைந்திருக்கிற காலத்தில், ஏழரைக்காக வரைந்த பிடியை ஆறு நம்பர் கையில் கொடுத்து, அது சரியாகப் பிடிக்கவில்லை என்று கையின் மேல் பழி போட்டால், சர்ஜரி எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒரு மாணவியின் முடிவை யாரோ ஒரு வரைபடக்காரர் எடுக்கிறார் என்று அர்த்தம்.

சரி, பிடியில் கொஞ்சம் ரப்பரைச் சுற்றினால் தீராதா? நானும் வீட்டில் முப்பரிமாண அச்சு மெஷின் வைத்திருக்கிறேன், முதலில் தோன்றியது இதுதான். தீராது. தியேட்டர் கருவி ஒவ்வொன்றும் ஆட்டோகிளேவில் 121 அல்லது 134 டிகிரி நீராவியில் வேக வேண்டும். அச்சு மெஷினில் நாம் சாதாரணமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். சுற்றிய ரப்பருக்கும் எஃகுக்கும் நடுவே ரத்தம் புகுந்தால் நீராவி சரியாக எட்டாது. கைக்கு இதமானது மேடு பள்ளம், சொரசொரப்பு, மிருது. சுத்தம் செய்ய வசதியானது வழவழப்பு, இணைப்பு இல்லாத ஒரே உலோகம். இந்த இரண்டும் இழுபறி. நூறு வருஷமாக எஃகுக் கம்பியே பிடியாக இருப்பதற்கு அலட்சியம் பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி இது. ஆகவே பிடியைக் கம்பெனிதான் இரண்டு மூன்று அளவில் வார்க்க வேண்டும். வார்க்கச் சொல்லும் வலு வாங்குகிறவருக்கு உண்டு. தமிழ்நாட்டில் 1994இல் அரசு தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளர், பிடி குறைந்தது இரண்டு அளவில் வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் கம்பெனிகள் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள் என்பது என் எண்ணம்.

வேகவைக்கத் தேவையில்லாத கருவிகளில் இந்தச் சாக்குக்கும் இடமில்லை. ஸ்கேன் எடுக்கும் புரோபை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் எடுப்பவர்களிடம் வெளிநாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் தோள், கழுத்து, மணிக்கட்டு வலியோடு வேலை செய்வதாகச் சொல்கிறார்கள். சோப்புக்கட்டி மாதிரி ஜெல் தடவிய வழுக்குப் பொருளை விரல் நுனியால் கிள்ளிப் பிடித்து, வயிற்றில் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கேபிளின் கனம் மணிக்கட்டைப் பின்னால் இழுக்கிறது. கை உடம்பை விட்டு விலகியே நிற்கிறது. கேபிளை முன்கையில் ஒரு பட்டியால் கட்டிக்கொள்வது, நோயாளியைக் கட்டிலின் ஓரத்துக்கு வரச் சொல்வது, கிள்ளாமல் உள்ளங்கையால் பிடிப்பது என்று சின்னச் சின்னத் தீர்வுகளே வலியைக் குறைக்க உதவும். பாக்கெட்டில் போகும் அளவுக்குச் சுருங்கிய ஸ்கேன் புரோபுகள் உலகம் முழுக்கப் பேசப்படுகின்றன. இந்தியாவில் அதை எடுத்துக்கொண்டு ஒரு டாக்டர் இஷ்டத்துக்கு ஊர் ஊராகப் போக முடியாது. கருவில் ஆணா பெண்ணா பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் வருஷச் சட்டமும், கையடக்க மெஷின்களைக் கட்டுப்படுத்தி 2012இல் வந்த விதியும் உண்டு. அந்தச் சட்டம் வந்த காரணத்தை மறுக்க முடியாது. கருவியைக் கையோடு பொருத்துவது எவ்வளவு சரியாக நடந்தாலும், அந்தக் கை எங்கே போகலாம் என்பதை ஊரின் சரித்திரம் முடிவுசெய்கிறது என்பதற்காக இதைக் குறித்துவைக்கிறேன்.

இதுவரை சொன்னது, கைக்கேற்பக் கருவி. இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு வழி இருக்கிறது. எந்தக் கையாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற கருவி. அதற்கு இந்தியாதான் மிகப்பெரிய சோதனைச்சாலை.

நம் வீட்டுப் பெரியவர்களின் கையில் வட்ட வட்டமாக அம்மை குத்திய தழும்பு பார்த்திருப்பீர்கள். அறுபதுகளின் கடைசி வரை இந்தியாவில் பெரியம்மைத் தடுப்பூசி குத்தப் பயன்பட்டது சுழல் கத்தி. சிறு தட்டில் கூரான பற்கள், நடுவே காம்பு. தோலில் மருந்துத் துளியை வைத்து, அதன் மேல் தட்டை அழுத்தித் திருக வேண்டும். எவ்வளவு அழுத்துவது, எவ்வளவு திருகுவது என்பதெல்லாம் குத்துகிறவரின் கைப்பழக்கம். அழுத்தம் குறைந்தால் மருந்து பிடிக்காது, கூடினால் புண். ஊசிக்காரர் வருகிறார் என்றால் ஜனங்கள் ஓடி ஒளிந்ததில் ஆச்சரியமில்லை.

அமெரிக்காவில் வையத் மருந்துக் கம்பெனியின் பெஞ்சமின் ரூபின் அறுபதுகளில் ஒரு ஊசி செய்தார். தையல் ஊசியின் காதைத் தேய்த்துத் திறந்துவிட்டால் மிஞ்சுகிற கவட்டை வடிவம், அவ்வளவுதான். அந்தக் கவட்டையை மருந்தில் முக்கி எடுத்தால், இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு ஆளுக்குத் தேவையான துளி, 0.0025 மில்லி, தானே தொங்கி நிற்கும். அளப்பது பரப்பு இழுவிசை, மனிதன் அல்ல. பிறகு தோலுக்குச் செங்குத்தாக 15 குத்து. கால் நிமிஷத்தில் குத்திய இடத்தில் ரத்தம் பொட்டாகத் துளிர்த்தால் சரி, இல்லையென்றால் இன்னும் பலமாகக் குத்தியிருக்க வேண்டும். அளவையும் கருவியே பார்க்கிறது, சரியாகச் செய்தோமா என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. மென்பொருள்காரனாக நான் பொறாமைப்படுகிற வடிவமைப்பு. பதினைந்து நிமிஷத்தில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். 25 பேருக்கு வந்த மருந்துக் குப்பி 100 பேருக்கு வந்தது. வையத் உரிமைத் தொகை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. 1968 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டத்தில் பரவி, இந்தியாவில் சுழல் கத்தியை ஓரங்கட்டியது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் செய்த மருந்தும் இந்தக் கவட்டையில் ஏறித்தான் போயிருக்கிறது. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம். நோயை ஒழித்தது ஊசி மட்டும் இல்லை, நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்துச் சுற்றிவளைத்த ஆயிரக்கணக்கான கால்களும்தான். ஆனால் அந்தக் கால்களோடு போன கைகளுக்குத் திறமைத் தேர்வு வைக்காத கருவி அது.

டாக்டர் வி-யின் கருவி ஒரே ஒரு கைக்கானது, ரூபினின் ஊசி யார் கைக்கும் ஆனது. இரண்டுமே ஜெயித்தன. நடுவில் நிற்பதுதான் வம்பு: ஒரு கற்பனைக் கையை மனதில் வைத்து வரைந்து, எல்லோருக்கும் என்று விற்பது.

இப்போது வீடு வீடாக வருகிற கைகள் வேறு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து பிபியும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களுடைய பையில் இருப்பதெல்லாம் கையடக்கக் கருவிகள்தான். அடுத்த மாதம் இனயம் போகும்போது, அம்மாவுக்குப் பிபி பார்க்க வருகிற அக்காவிடம் கேட்க மூன்று கேள்விகள் எழுதிவைத்திருக்கிறேன். சர்க்கரை பார்க்கும் பட்டையை அந்தச் சின்ன டப்பாவிலிருந்து, வியர்த்த கையோடு, எத்தனை முயற்சியில் ஒன்றே ஒன்றாக எடுக்க முடிகிறது? கடற்கரை மத்தியான வெயிலில் திரையின் எண்கள் தெரிகிறதா, சேலைத் தலைப்பால் மறைக்க வேண்டியிருக்கிறதா? நாற்பது வீடு ஏறி இறங்கியபின் பையைச் சுமந்த தோள் வலிக்கிறதா, பட்டையை இறுக்கிக் கட்டிய விரல்கள் வலிக்கின்றனவா? அவர் அனுமதித்தால் பதில்களை அடுத்த பதிவில் போடுகிறேன். கையுறை எண்ணையும் கேட்டுவைக்கிறேன்.